குழந்தையின் கையில் கொதிக்கிற சாம்பார் கொட்டிவிட்டால் டூத்பேஸ்ட் தடவலாமா?

தடவவே கூடாது. இட்லி மாவு, மஞ்சள், பேனா மை, ஐஸ் எதுவும் வேண்டாம். நேராகக் குழாயடிக்குத் தூக்கிப்போய், கை மேல் 20 நிமிடம் தண்ணீர் ஓடவிடுங்கள். சாம்பாரைத் துடைத்துவிட்டாலும் தோலுக்குள் இறங்கிய சூடு அடுத்த அடுக்கைத் தாக்கிக்கொண்டேதான் இருக்கும். பேஸ்ட் அதை ஆற்றாது. அப்புறம் டாக்டர் அதைக் கழுவி எடுத்த பிறகுதான் காயத்தையே பார்க்க முடியும். பிள்ளைக்கு அது இன்னொரு வேதனை.

கோடை மதியத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே சுடும். அப்போது குடத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றுங்கள். உடனே முடியாமல் போனாலும் 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. உடம்பின் மற்ற பகுதியைத் துண்டால் போர்த்துங்கள், குழந்தைக்குக் குளிரெடுத்துவிடும்.

தண்ணீர் ஓடும்போதே வளையல், மோதிரம், மணிக்கட்டுக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கை வீங்கினால் அவை இறுக்கும். சட்டை தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள்.

பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். கையில் பட்ட காயம், அதுவும் குழந்தைக்கு என்பதால், சிறிதாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். முகத்திலோ மார்பிலோ கொட்டியிருந்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.