மாலை கழற்றிய மறுநாள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் நடைப்பயிற்சி ஆரம்பிக்கிறேன், பொங்கலோடு நின்றுவிடுகிறது. போன வருடம் 3,500 ரூபாய்க்கு ஷூகூட வாங்கினேன். 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, அந்த 21-ஐத் தாண்ட என்ன வழி? (வாசகர், சேலம்)

முதலில் அந்த 21-ஐ மறந்துவிடுங்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் இருந்தார். மூக்கைத் திருத்திக்கொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழக, குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதினார். 'குறைந்தது' வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது, மூக்கும் போய்விட்டது, 21 மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிற்பாடு லண்டனில் 96 பேரை 12 வாரம் கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு காரியம் யோசிக்காமல் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18 நாளிலேயே வந்துவிட்டது, இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. அதே ஆய்வில் உங்களுக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஆக, பொங்கல் லீவின் மேல் பழி போடாதீர்கள். காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு 'சரி, இந்த வருஷம் அவ்வளவுதான்' என்று நினைத்தீர்களே, அங்கேதான் நின்றுபோனது. ஷூவை அப்படியே விடுங்கள். தினமும் பால் பாக்கெட் வாங்கப் போகிறீர்கள் அல்லவா, நேரே வீட்டுக்குத் திரும்பாமல் பையோடு இரண்டு தெரு சுற்றிவிட்டு வாருங்கள், செருப்பே போதும்.

கேள்வி: கார்த்திகை 1-ம் தேதி மாலை போட்டால் சிகரெட்டைத் தொடவே மாட்டேன், ஆசைகூட வராது. ஜோதி பார்த்துவிட்டு வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பற்ற வைத்துவிடுகிறேன். இந்தப் புத்தாண்டில் நிரந்தரமாக விட வேண்டும் என்று ஆசை. சாமிக்காக முடிகிறது, எனக்காக ஏன் முடியவில்லை? (பெயர் வேண்டாம், நாகர்கோவில்)

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பக்தியைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் பக்தியோடு இன்னும் எத்தனை பேர் உங்களுக்காக வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். கறுப்பு வேட்டியைக் கட்டிய நிமிடத்திலிருந்து தெருவே உங்களை 'சாமி' என்கிறது. வழக்கமாக நீங்கள் வந்ததுமே சிகரெட்டை எடுத்து நீட்டும் டீக்கடைக்காரர், 'சாமி, டீயா பாலா?' என்று கேட்டுவிட்டுக் கிளாஸை வெந்நீரில் இன்னொரு தரம் அலசுகிறார். பற்ற வைக்க வந்த நண்பன் உங்களைப் பார்த்ததும் பத்தடி தள்ளிப் போய் நிற்கிறான். வீட்டில் விடிவதற்கு முன்பே எழுப்பிவிடுகிறார்கள், சாயங்காலம் பஜனைக்குக் குருசாமி கூப்பிடுகிறார், சும்மா இருக்கும் நேரமே கிடையாது. 'இன்றைக்கு ஒன்றே ஒன்று' என்று பேரம் பேச ஆளும் இல்லை இடமும் இல்லை. 'புகைப்பதைக் குறைக்க வேண்டும்' என்று டைரியில் எழுதுகிறோமே, அதற்குப் பின்னால் இப்படி ஒருவராவது நிற்கிறாரா? மாலையைக் கழற்றும்போது அந்தக் கூட்டம் மொத்தமும் ஒரே நாளில் கலைந்துவிடுகிறது, நீங்கள் தனியாளாக அதே பெஞ்சில் உட்காருகிறீர்கள்.

அதே நேரம் நல்ல சேதியும் உண்டு. சிகரெட்டை விட்டதும் வரும் எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் முதல் சில நாளில்தான் கடுமை. மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். அதாவது கஷ்டமான பகுதியை வருடாவருடம் முடித்துவிட்டுத்தான் திரும்பவும் ஆரம்பிக்கிறீர்கள். மலைக்கு இருமுடி கட்டிப் போய்விட்டுப் பதினெட்டாம் படிக்குக் கீழேயே திரும்பி வந்த மாதிரி. ஆகவே இந்தத் தடவை புதிதாகத் தீர்மானம் எதுவும் எடுக்க வேண்டாம். மாலையை வழக்கம்போல் கழற்றுங்கள், ஆனால் டீக்கடையை ஒரு மாதத்துக்கு மாற்றுங்கள். குருசாமியிடம் 'மாசிவரைக்கும் தினம் என்னை ஒரு வார்த்தை கேளுங்க சாமி' என்று சொல்லி வையுங்கள், அவர் கேட்பார். 1800-11-2356 என்று ஓர் இலவச எண் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது; இத்தனை வருடமாகக் கையில் வைத்திருந்தும் நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். கூப்பிட்டால் ஆலோசனை சொல்கிறார்கள்.

கேள்வி: டைரியில் 14 லட்சியம் எழுதியிருக்கிறேன். முதலாவது, மாதம் 5,000 ரூபாய் சேமிப்பது. கணவர் சிரிக்கிறார். (வாசகி, திருப்பூர்)

பதினான்கு என்றால் நானும் சிரிப்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலாவதை வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடுங்கள். மிச்சமாவதைச் சேமிக்கலாம் என்றால் மிச்சமே ஆகாது. சீட்டுப் பணத்தை மட்டும் எப்படியோ புரட்டிக் கட்டிவிடுகிறோம், ஏனென்றால் 5-ம் தேதி வாசலில் ஆள் வந்து நிற்பார். வாசலில் நிற்கும் அந்த ஆள்தான் உங்களுக்கு வேண்டும். சீட்டில் பயம் என்றால் தபால் அலுவலகத்திலோ வங்கியிலோ ஆர்.டி. போட்டு, சம்பளம் ஏறிய மறுநாளே கணக்கிலிருந்து தானாகப் போகிற மாதிரி செய்துவிடுங்கள். 5,000 இறுக்கமாக இருந்தால் 2,000-த்தில் ஆரம்பியுங்கள்.

கேள்வி: நம் புத்தாண்டு சித்திரையில்தானே? ஜனவரியில் எதற்குத் தீர்மானம்? (வாசகர், தஞ்சாவூர்)

எதற்கும் இல்லை. இங்கிலாந்திலேயே 1752-க்கு முன்புவரை சட்டப்படி மார்ச் 25-ல்தான் வருடம் பிறந்தது. ஜனவரியில் தவறவிட்டவர்கள் சித்திரையில் ஆரம்பிக்கலாம், நடுவில் தை ஒன்று வேறு இருக்கிறது.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் தீர்மானம் என்ன? (வாசகி, மதுரை)

நாலு மணி டீயில் சர்க்கரை வேண்டாம் என்பது. நான் மறந்தாலும் அவர் மறக்கக் கூடாது என்று கடைக்காரரிடமும் சொல்லி வைத்தேன். நேற்றுக் கூட்டத்தில் அவர் மறந்து இரண்டு ஸ்பூன் போட்டுவிட்டார். குடித்துவிட்டேன்.