ஆங்கிலத்தில் ஒரு நாவலை எழுதி முடித்துவிட்டேன், அதற்கு இலக்கிய ஏஜென்ட் தேடுகிறேன். குவெரி லெட்டரை எப்படி எழுத வேண்டும்?

நாவலை எழுதி முடித்துவிட்டதாகச் சொல்கிறீர்கள், நல்லது. குவெரி லெட்டர் என்பது, நாவலைப் பதிப்பகங்களிடம் விற்றுத் தரும் ஏஜென்ட்டுக்கு அதை அறிமுகப்படுத்தி எழுதும் கடிதம். புனைவு என்றால் முழுக் கைப்பிரதியும் தயாரான பிறகுதான் ஏஜென்ட்டுக்கு எழுத வேண்டும். கடிதம் பிடித்துப்போய் "முழுசும் அனுப்புங்கள்" என்று கேட்டால் கையில் இருக்க வேண்டுமே.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது; 250 முதல் 350 வார்த்தை போதும். அதில் பாதிக்கு மேல் கதைக்குத்தான் போக வேண்டும். பலர் சறுக்குவதும் அங்கேதான். தெரிந்தவர்கள் எழுதும் கடிதங்களைப் படித்துக் கருத்துச் சொல்வேன். திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இந்த மாதிரி வரி: "இழப்பு, துரோகம், மன்னிப்பு ஆகியவற்றை ஆழமாகப் பேசும் நாவல் இது." ஆயிரம் நாவலுக்கு இது பொருந்தும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"கையெழுத்து நிபுணர் மீரா, ஒரு போலி உயில் வழக்கில் சாட்சி சொல்ல வருகிறாள். உயிலைப் பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது: அதை எழுதியது, செத்துப்போனதாக அவள் நம்பியிருந்த அப்பா. உண்மையைச் சொன்னால் அவர் ஜெயிலுக்குப் போவார். மறைத்தால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரும்."

துரோகம், மன்னிப்பு என்று ஒரு வார்த்தைகூட இல்லை, ஆனால் இரண்டும் உள்ளே இருக்கின்றன. யார், அவருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, தவறினால் எதை இழப்பார்: இவ்வளவும் தெரிந்தால் ஏஜென்ட் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். பெயர்கள் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. கிளைக்கதைகளை விட்டுவிடுங்கள், எவ்வளவு பிடித்திருந்தாலும். முடிவையும் இங்கே சொல்ல வேண்டாம்; அது சினாப்சிஸில், அதாவது முழுக் கதையின் சுருக்கத்தில் வரட்டும்.

பிறகு தலைப்பு, வகை, மொத்த வார்த்தைகள். பெரியவர்களுக்கான முதல் நாவல் 80,000 முதல் ஒரு லட்சம் வார்த்தைக்குள் இருப்பது பாதுகாப்பு. 1,80,000 என்று பார்த்ததும் கதையைப் படிக்காமலே மூடிவிடுகிறவர்கள் உண்டு. உங்கள் நாவலும் அவ்வளவு நீளம் என்றால் முதலில் அதை வெட்டுங்கள், பிறகு கடிதம்.

ஒப்பீட்டு நூல்கள் என்று இரண்டு புத்தகங்களைச் சொல்வது வழக்கம். கடந்த மூன்று முதல் ஐந்து வருடங்களுக்குள் வந்தவையாகப் பாருங்கள். உலகமே படித்த பெஸ்ட்செல்லரோடு ஒப்பிட்டால் தற்பெருமையாகத்தான் தெரியும். உங்கள் வாசகர் வேறு எதை வாங்குவார் என்பதற்கு ஒப்பீட்டு நூல்கள்தான் பதில், அதனால் அந்தப் புத்தகங்களை உண்மையிலேயே படித்திருக்க வேண்டும். உங்களைப் பற்றி இரண்டு வரி போதும். இதற்கு முன் எதுவும் பிரசுரமாகவில்லை என்றால் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம்.

ஒவ்வொரு ஏஜென்ட்டின் இணையப் பக்கத்திலும் விதிமுறை இருக்கும். அமெரிக்காவில் பலர் கடிதத்தோடு முதல் ஐந்து அல்லது பத்துப் பக்கம் கேட்பார்கள். மின்னஞ்சல் என்றால் பெரும்பாலும் உள்ளேயே ஒட்ட வேண்டும். கேட்காத அட்டாச்மென்டைத் திறக்க மாட்டார்கள். பிரிட்டனில் சினாப்சிஸும் முதல் மூன்று அத்தியாயங்களும் கேட்பது வழக்கம். ஒரே நிறுவனத்தில் இருவருக்கு ஒரே நேரத்தில் எழுதாதீர்கள். வெவ்வேறு நிறுவனங்களுக்கு ஒரே சமயத்தில் எழுதலாம்.

ஆனால் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடாதீர்கள். ஆறேழு பேருக்கு அனுப்பிக் காத்திருங்கள். யாருமே பக்கங்கள் கேட்கவில்லை என்றால் கடிதத்தைத் திருத்துங்கள். கேட்டுப் படித்துவிட்டு மறுத்தால் கடிதம் தன் வேலையைச் செய்துவிட்டது, பார்க்க வேண்டியது முதல் அத்தியாயங்களை.

படிப்பதற்குக் கட்டணம் கேட்கிறவரிடம் மட்டும் போகவே போகாதீர்கள். நேர்மையான ஏஜென்ட், புத்தகம் விற்ற பிறகு அதில் வருவதிலிருந்துதான் கமிஷன் எடுப்பார்: உள்நாட்டு விற்பனைக்குப் பொதுவாக 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைகளுக்கு 20.