வாசகர் கேள்வி – பதில்: பிடித்து விட்ட யானை ஏன் திரும்பி வருகிறது?

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வனவிலங்குகளைப் பிடித்து விடுவதையும் வளர்த்து விடுவதையும் பற்றியவை. ஆகவே அவற்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: எங்கள் வயல் வட்டையில் நெல் வேளாண்மை குடலைப் பருவத்துக்கு (கதிர் பொதியும் நிலைக்கு) வந்ததும் ஒரு தனியன் யானை தவறாமல் வந்துவிடுகிறது. வெடி கொளுத்திக் களைத்துவிட்டோம். அதைப் பிடித்து வேறு மாவட்டத்துக் காட்டில் விட்டால் எங்களுக்கும் நிம்மதி, அதற்கும் நல்ல காடு கிடைக்கும் அல்லவா?
— ஒரு விவசாயி, வெல்லாவெளி

பதில்: நீங்கள் சொல்வது நியாயமான தீர்வாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அப்படி விடப்பட்ட யானைகள் பிறகு என்ன செய்தன என்பதை இலங்கையிலேயே பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவரது குழுவினரும் 2012 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஊருக்குள் வந்ததற்காகப் பிடிக்கப்பட்டுத் தேசிய பூங்காக்களில் விடப்பட்ட 12 ஆண் யானைகளுக்குச் செய்மதிக் கழுத்துப்பட்டி பூட்டி, அவற்றின் நடமாட்டத்தை இடம் மாற்றப்படாத வேறு 12 ஆண் யானைகளின் நடமாட்டத்தோடு ஒப்பிட்டனர். விடப்பட்டவற்றுள் சில, பிடிபட்ட இடத்தை நோக்கியே நடக்கத் தொடங்கின. சில எங்கும் தரிக்காமல் அலைந்தன. சில மட்டும் விட்ட இடத்துக்கு அண்மையில் தங்கின. பூங்காவில் விட்டால் பூங்காவுக்குள்ளேயே இருந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. மோதல் குறையவில்லை, அது வேறு ஊர்களுக்கும் பரவியதோடு, யானைகளின் இறப்பும் கூடியது.

இதில் வியப்பதற்கு அதிகம் இல்லை. தன் பரப்பில் எந்தக் குளம் கோடையில் வற்றாது, எந்த வேலியில் மின்சாரம் பாய்வதில்லை, எந்த வட்டையில் எப்போது கதிர் பால் பிடிக்கும் என்பதெல்லாம் வளர்ந்த ஆண் யானைக்கு மனப்பாடம். மயக்க ஊசி அதை அழித்துவிடாது. நெல்லின் சுவை கண்ட யானை, கொண்டுபோய் விட்ட இடத்திலும் நெல்லையே தேடும். அங்கே அது யாருடைய வயல் என்பதுதான் வேறுபாடு. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நீங்கள் நிம்மதியாகத் தூங்குவதற்காக இன்னொரு விவசாயி பரணில் விழித்திருக்க வேண்டிவரும் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

'நல்ல காடு' என்பதிலும் ஒரு மயக்கம் உண்டு. யானைக்கு வேண்டியது இருண்ட பெருங்காட்டைவிடப் புல்லும் பற்றையும் நிறைந்த திறந்த நிலமே. இலங்கையில் யானை நடமாடும் பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கின்றனர். ஆகவே காட்டின் எல்லை வழியே வேலி போட்டு யானையை உள்ளே தள்ளிவிடும் ஏற்பாட்டைவிட, ஊரைச் சுற்றி நிரந்தரமான மின்வேலியும், வயலைச் சுற்றிப் பயிர்ச்செய்கைக் காலத்துக்கு மட்டுமான மின்வேலியும் போடுவது பயன் தருகிறது. வெட்டு முடிந்ததும் வயல் வேலியைக் கழற்றிவிட்டால் யானை தாளையும் வைக்கோலையும் மேய்ந்துவிட்டுப் போகும். அந்த வேலியை விவசாயிகளே கூடிப் பராமரிக்க வேண்டியிருப்பது சுமைதான். ஆயினும் தன் வயலுக்கு உரியவன் பார்க்கும் கம்பியில்தான் மின்சாரம் ஒழுங்காகப் பாய்கிறது.

கேள்வி: வாவியில் பிடிபடும் முதலையைத் தூரத்து ஆற்றில் விட்டால் அதுவும் திரும்பி வருமா?
— ஒரு வாசகர், கல்லடி

பதில்: வரக்கூடும். அவுஸ்திரேலியாவில் ஹெலிகொப்டரில் தூக்கிச் சென்று விடப்பட்ட மூன்று உவர்நீர் முதலைகளும் தம் பழைய ஆற்றுக்கே திரும்பியதாக 2007 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவற்றில் ஒன்று கேப் யோர்க் முனையைச் சுற்றிக் கடல் வழியாக 400 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தை 20 நாட்களில் கடந்தது. ஆகவே முதலையைக் கரைக்கு ஈர்க்கும் மீன் கழிவையும் கோழிக் கழிவையும் அங்கே கொட்டுவதை நிறுத்துவதே முதல் வேலை.

கேள்வி: பாழ்ங்கிணற்றில் விழுந்த யானைக்குட்டியை ஊரார் மீட்டார்கள். அதை நாமே பால் கொடுத்து வளர்த்துப் பின்னர் காட்டில் விட்டிருக்கலாமே என்று சிலர் ஆதங்கப்படுகிறார்கள்.
— ஒரு வாசகி, கோமாரி

பதில்: வேண்டாம், அம்மா. குட்டி நடக்கக்கூடியதாக இருந்தால், கூட்டத்தைக் கலைத்து, தாய் வந்து அழைத்துச் செல்ல வழிவிடுவதே முதலில் செய்ய வேண்டியது; வராவிட்டால் வனசீவராசிகள் திணைக்களத்திடம் ஒப்படைக்க வேண்டும். 1995 இல் தொடங்கப்பட்ட உடவளவை யானைக்குட்டிகள் இடைத்தங்கல் நிலையத்தில், பாலூட்டும் நேரம் தவிர மனிதத் தொடர்பு இயன்றவரை தவிர்க்கப்படுகிறது. குட்டிகள் தம்முள் கூடித் திரிகின்றன. சுமார் ஐந்து வயதில், பழகிய துணைகளோடு குழுவாகவே காட்டில் விடப்படுகின்றன. வீட்டு முற்றத்தில் வளர்ந்த குட்டிக்கு இந்தத் துணையும் இல்லை, மனிதனிடம் இருக்க வேண்டிய அச்சமும் இல்லை. புத்தல – கதிர்காம வீதியில் வாகனங்களை மறித்து வாழைப்பழம் கேட்கும் யானைகளை யாத்திரை போனோர் பலரும் கண்டிருப்பீர்கள். பக்தியோடு நீட்டிய சீப்புகள்தான் அவற்றை அங்கே நிறுத்தி வைத்திருக்கின்றன.

நாம் கொடுக்க எண்ணாத உணவும் உண்டு. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 இன் தொடக்கத்தில் செய்திகள் வெளியாகின.

கேள்வி: அழியும் நிலையில் உள்ள ஓர் இனத்துக்கு மனிதன் செய்யும் உதவியே அதற்குக் கேடாக முடிந்ததுண்டா?
— ஒரு மாணவி, காத்தான்குடி

பதில்: நியூசிலாந்தின் சதாம் தீவுகளில் வாழும் கருப்பு ரொபின் என்ற சிறு பறவை இதற்குத் தக்க உதாரணம். 1980 இல் அவ்வினத்தில் எஞ்சியவை ஐந்தே பறவைகள்; அவற்றுள் ஒரே ஒரு பேடு தான் குஞ்சு பொரித்து இனத்தைத் தழைக்கச் செய்தது. ஒரு முட்டைகூட வீணாகக் கூடாது என்று கண்ணும் கருத்துமாக இருந்த பாதுகாவலர்கள், சில பேடுகள் கூட்டின் விளிம்பில் இடும் முட்டைகளை மெல்ல நடுவே தள்ளிவைத்தார்கள். தள்ளாவிட்டால் அவை பொரிக்கமாட்டா. ஆனால் விளிம்பில் முட்டையிடுவது மரபு வழியாக வரும் குறைபாடு. இயற்கை கழித்துவிடக்கூடிய அந்தக் குறை, மனிதக் கையின் தயவில் சந்ததிகளுக்குப் போய், சில ஆண்டுகளிலேயே பாதிக்கும் மேற்பட்ட பேடுகளிடம் காணப்பட்டது. நல்ல வேளையாக, முட்டையைத் தள்ளுவதை நிறுத்திய பின் அந்தப் பழக்கம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. அதற்காக அந்தப் பாதுகாவலர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அவர்கள் கைவைத்திராவிட்டால் இனமே இருந்திராது. எப்போது கையை எடுப்பது என்பதுதான் கடினமான பகுதி.

கேள்வி: கடற்கரையில் ஆமை முட்டைகளைக் கண்டால் நாய்கள் தோண்டாமல் எடுத்து வந்து பொரிக்கவைத்து, குஞ்சுகளைச் சில வாரம் தொட்டியில் வளர்த்து விடலாமா?
— ஒரு வாசகர், திருக்கோவில்

பதில்: முட்டையை எடுப்பதே சட்டப்படி குற்றம். அதற்கு அப்பால், இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்வதால், பிறகு முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம் தீர்மானிக்கிறது: சுமார் 29 பாகை செல்சியசுக்கு மேலே பெண்களும் கீழே ஆண்களும் மிகும். நிழலற்ற முற்றத்தில் மணலைக் குவித்துப் பொரித்தால் பெண் குஞ்சுகளே பெருகக்கூடும். தொட்டியில் வைத்திருப்பதோ அதைவிடத் தீங்கு. பொரித்த குஞ்சு உடலிலுள்ள மஞ்சள் கருவின் பலத்தில் முதல் நாளிலேயே ஓயாமல் நீந்தி ஆழ்கடலை அடைய வேண்டும்; அந்த வேகத்தைத் தொட்டிச் சுவரில் முட்டி வீணாக்கியபின் கடலில் விட்டால், கரையோரத்திலேயே மீன்களுக்கு இரையாகும். கூட்டின் மேல் நாய் தோண்ட முடியாதபடி அகன்ற கண்ணுள்ள வலையை விரித்து முளையடிப்பதும், அந்தப் பக்கத்து விளக்குகளை இரவில் அணைப்பதும் போதும். அதையும் திணைக்கள அலுவலரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.