கிலோஜூலைக் கண்டு பயப்படலாமா?

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து டர்பனுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். ஊரில் டாக்டர் ஒரு நாளைக்கு 1,600 கலோரிக்குள் சாப்பிடச் சொன்னார். இங்கே மிக்சர் பாக்கெட்டில் 2,200 என்று போட்டிருக்கிறது, தொடவே பயமாக இருக்கிறது. பிரவுன் பிரெட், 'கொலஸ்ட்ரால் இல்லாத' எண்ணெய் என்று பார்த்துப் பார்த்து வாங்கியும் எடை குறையவில்லை. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் அந்த 2,200. அது கலோரி இல்லை அம்மா, கிலோஜூல். தென்னாப்பிரிக்காவில் லேபிளில் அப்படித்தான் அச்சிடுவார்கள். 4.2-ஆல் வகுத்தால் நாம் பேசும் கலோரி வரும். உங்கள் 1,600 கலோரி இங்கே சுமார் 6,700 கிலோஜூல்.

ஆனால் பயம் முழுக்க வீண் என்றும் சொல்ல மாட்டேன். 2,200 என்பது 100 கிராமுக்கு. பக்கத்துக் கட்டத்தில் 'ஒரு பரிமாறல் 30 கிராம், 660 கிலோஜூல்' என்று சாதுவாக இன்னொரு கணக்கு இருக்கும். முப்பது கிராம் மிக்சரை ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள், ஒரு கைப்பிடிதான். டிவி முன்னால் உட்கார்ந்து 200 கிராம் பாக்கெட்டைக் காலி செய்தால் 4,400 கிலோஜூல், அதாவது ஆயிரம் கலோரிக்கு மேல். இரண்டு பொருளை ஒப்பிட 100 கிராம் கட்டத்தைப் பாருங்கள். எவ்வளவு சாப்பிட்டோம் என்பதற்குத் தராசுதான் சாட்சி.

பிரவுன் பிரெட்டுக்கு வாட் வரி கிடையாது, வெள்ளைக்கு உண்டு. நார்ச்சத்தும் பிரவுனில் கூடுதல். அந்த வகையில் நல்ல தேர்வுதான். கலோரியில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. 700 கிராம் ரொட்டியில் கால் பங்கு, அதாவது ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் டர்பன் பன்னி சௌவில் ஒரு 'குவார்ட்டர்', குழம்பு ஊற்றுவதற்கு முன்பே 400 கலோரியைத் தாண்டும். (தோண்டி எடுத்த பஞ்சை மேலே வைத்துத் தருவார்களே, அதையும் சேர்த்துத்தான்.)

எண்ணெய்க்கு வருகிறேன், எனக்குச் சந்தேகம் அங்கேதான். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது. அதைப் பெரிய எழுத்தில் போடுவது, உப்பில் சர்க்கரை இல்லை என்று விளம்பரம் செய்வது போல. சூரியகாந்தியோ நல்லெண்ணெயோ, கிராமுக்கு 37 கிலோஜூல்தான். இரண்டு லிட்டர் பாட்டிலில் சுமார் 68,000 இருக்கிறது, கலோரியில் 16,000. மூன்று பேர் உள்ள வீட்டில் அது ஒரு மாதத்தில் தீர்ந்தால் ஆளுக்குத் தினம் 180 கலோரி. பதினைந்து நாளில் தீர்ந்தால் 360. வடை சுட்டு மிஞ்சிக் கொட்டிய எண்ணெயைக் கழித்துக்கொள்ளலாம், சரி.

பழச்சாறு வாங்குகிறீர்களா? 2018-இலிருந்து இங்கே சர்க்கரை பானங்களுக்குத் தனி வரி இருக்கிறது. நூறு சதவீதப் பழச்சாறு அதில் வராது. அதற்காக அதில் சர்க்கரை இல்லை என்று அர்த்தமில்லை. 250 மில்லி ஆரஞ்சுச் சாற்றில் ஐந்தாறு டீஸ்பூன் இருக்கும். பழத்தையே உரித்துச் சாப்பிடுங்கள்.

அப்புறம், சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுபவராக இருந்தால் சாப்பாட்டைச் சட்டென்று குறைக்காதீர்கள், இங்குள்ள டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இப்போதைக்கு, அடுத்த எண்ணெய் பாட்டிலைத் திறக்கும்போது மூடியில் தேதியை எழுதி வையுங்கள். தீர்ந்த நாளையும் குறித்து எனக்கு எழுதுங்கள், மீதிக் கணக்கைச் சேர்ந்து போடுவோம்.