வேறு நாட்டில் உட்கார்ந்து இணையக் குற்றம் செய்பவரைப் பிடிக்கச் சர்வதேசச் சட்டமே இல்லையா?

இருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் நிலைமை நீங்கள் கேட்பது போலத்தான் இருந்தது. 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பாழாக்கியது. பிலிப்பைன்ஸ் மாணவர் ஒருவர்தான் எழுதினார் என்று கண்டும் பிடித்துவிட்டார்கள். அந்த நாட்டிலோ அப்போது அதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் இல்லை, வழக்கு கைவிடப்பட்டது. வைரஸ் பரவிய அடுத்த மாதமே, ஜூனில், சட்டம் வந்தது. நடந்து முடிந்ததற்கு அது செல்லாதே! வேறு நாட்டிடம் ஒப்படைக்கவும் வழியில்லை. அதற்குப் பொதுவாக அந்தச் செயல் இரு நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும்.

2001இல் ஐரோப்பிய கவுன்சில் கொண்டுவந்த புடாபெஸ்ட் உடன்படிக்கை இந்த ஓட்டையை அடைக்கிறது. அத்துமீறி நுழைவது, தரவை அழிப்பது, கணினி மோசடி எல்லாவற்றையும் இதில் சேர்ந்த நாடுகள் தங்கள் சட்டத்தில் குற்றமாக்க வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடுகளும் சேரலாம். இந்தியா, சீனா, ரஷ்யா சேரவில்லை.

சரி, சட்டம் இருந்தும் ஏன் தப்புகிறார்கள்? என் பார்வையில் உண்மையான சிக்கல் ஆதாரம்தான். ஒரு நாட்டுப் போலீஸ் இன்னொரு நாட்டில் போய்ச் சோதனை போட முடியாது. சர்வர் வெளியே இருந்தால் கோரிக்கை அமைச்சகம், அந்த நாட்டு அமைச்சகம், நீதிமன்றம் என்று சுற்றிவர மாதக்கணக்கில் ஆகும். யார் எப்போது நுழைந்தார் என்று கணினி குறித்துவைக்கும் லாக் பதிவுகளோ அதற்குள் அழிந்துவிடும். அதனால்தான் அந்த உடன்படிக்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, '24 மணி நேரமும் தொடர்புக்கு ஆள் இருக்க வேண்டும், கேட்டதும் தரவை அழியாமல் நிறுத்தி வைக்க வேண்டும்' என்ற ஏற்பாடு. தரவைக் கையில் வாங்குவது அப்புறம் முறைப்படி நடக்கலாம்.

2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் இணையக் குற்றத்துக்கென ஓர் உடன்படிக்கையை ஏற்றது. 40 நாடுகள் ஏற்புறுதி செய்து, அதாவது அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி ஒப்புக்கொண்டு, 90 நாள் ஆனால் அமலுக்கு வரும். இதில் எனக்குக் கவலை உண்டு. அதிகபட்சத் தண்டனை 4 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள எந்தக் குற்றத்துக்கும் மின்னணு ஆதாரம் கேட்கலாம். அரசை விமர்சித்து எழுதுவதற்கே அவ்வளவு தண்டனை தரும் நாடுகள் இருக்கின்றனவே? அரசியல் கருத்துக்காகத் தண்டிக்கத்தான் கேட்கிறார்கள் என்று நம்ப இடமிருந்தால் உதவ வேண்டிய கடமை இல்லை என்று அதிலேயே ஒரு பிரிவு உண்டு. ஆனால் மறுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. முடிவு கேட்கப்பட்ட நாட்டின் கையில். அந்த முடிவை நீதிபதி எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் எழுதிய பிறகே ஏற்புறுதி செய்ய வேண்டும் என்பேன்.