அந்த நோட்டு எங்கே? (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

சேலத்தில் சமூகவியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். சேர்வராயன் மலையின் மலையாளி பழங்குடியினரும் (கேரளக்காரர்கள் இல்லை, மலையில் வாழும் தமிழ் பேசும் மக்கள்) வன உரிமைச் சட்டமும் என்பது தலைப்பு. பூர்வகுடிகள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிய ஆய்வுகளைப் படி என்றார் கைடு. நியூசிலாந்தின் லிண்டா துஹிவாய் ஸ்மித், கனடாவின் ஆட்ரா சிம்ப்ஸன் இருவரும் சில நாள் தூங்கவிடவில்லை.

அந்த வேகத்தில் 42 கேள்விகள் அடங்கிய படிவத்தோடு நாகலூர் பக்கம் ஒரு ஊருக்குப் போனேன். மூன்றாவது வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி சாமை புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்காமலே, "போன வருசமும் ஒரு பொண்ணு வந்து இதையேதான் கேட்டுச்சு. எழுதிக்கிட்டுப் போன நோட்டு எங்க சாமி?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்து இறங்கிவிட்டேன்.

இரண்டு சந்தேகங்கள். கனடாவிலும் நியூசிலாந்திலும் பிறந்த இந்தச் சிந்தனை ஏற்காட்டுக்குப் பொருந்துமா? இன்னொன்று, "அவங்களே காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்கதானே, அப்புறம் எப்படிப் பூர்வகுடி?" என்று துறையிலேயே கேட்கிறார்கள். என்ன சொல்வது?

எம்.,
அம்மாப்பேட்டை, சேலம்.

அன்புள்ள எம்.,

பஸ் பிடித்து இறங்கியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, படிவத்தில் பாட்டி பெயரில் நீங்களே ஒரு பதிலை எழுதிப் போட்டிருந்தால்தான் வெட்கப்பட வேண்டும், அப்படிச் செய்து டாக்டர் ஆனவர்கள் இருக்கிறார்கள்.

பாட்டி கேட்டது மலையில் நூறு வருடத்துக்கும் மேலாகக் கேட்கப்படும் கேள்வி. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கே. ரங்காச்சாரியோடு சேர்ந்து தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் ஏழு தொகுதிகளாக எழுதி 1909இல் வெளியிட்டவர். ஊர் ஊராகப் போய் மூக்கையும் மண்டையையும் அளந்தவர். முதல் தொகுதியின் முன்னுரையில் தன்னைப் பார்த்து யார் யார் எப்படிப் பயந்தார்கள் என்று வேடிக்கையாக ஒரு பட்டியல் போடுகிறார். வயநாட்டுப் பணியர் பெண்கள், தங்களில் நல்ல ஆளாகப் பார்த்துப் பாடம்பண்ணி மியூசியத்தில் வைக்கப்போகிறார் என்று ஓடினார்களாம். நீலகிரியில் பழைய வழக்கொன்றில் போலீஸ் தேடிய ஓர் இருளர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று நினைத்து ஏற மறுத்தாராம். சேர்வராயன் மலை மலையாளிகள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? இந்தத் துரை சர்க்காருக்காக நம் நிலத்தை எடுத்துக்கொண்டு நம்மை அந்தமானுக்கு ஏற்றப்போகிறான் என்று.

அவர் சிரிப்பதற்காக எழுதியது அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்த மக்கள் அதுவரை பார்த்திருந்தது என்ன? 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியை மேலே கொண்டுவந்தார், பின்னாலேயே எஸ்டேட்டுகள் வந்தன, எஸ்டேட் வந்தால் சங்கிலி பிடித்து அளப்பவர் வருவார். 1882இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது (இன்றும் தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் அமலில் இருப்பது அதேதான்), விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போன காட்டுக்குக் கல் நட்டு எல்லை போட்டார்கள். அளவுகோலோடு மேலே ஏறிய வெள்ளைக்காரர் ஒவ்வொருவரும் எதையாவது எடுத்துக்கொண்டுதான் இறங்கினார். தர்ஸ்டன் கையில் இருந்தது மூக்களக்கும் கருவி, நிலமளக்கும் சங்கிலி இல்லை என்கிற வித்தியாசம் தர்ஸ்டனுக்குத்தான் பெரிது. அந்தமான் விஷயத்தில் அவர்கள் கணிப்பு தப்பு. ஆள் யார் சார்பில் வந்திருக்கிறான் என்பதில் தப்பே இல்லை. உங்கள் கையில் இருந்த 42 கேள்விகளில் நிலம் எவ்வளவு, பட்டா உண்டா, காட்டுக்குள் உழுகிறீர்களா என்பவை எத்தனை, கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் படித்த புத்தகங்களுக்கு வருகிறேன். ஆராய்ச்சி என்பதே பூர்வகுடிகளின் அகராதியில் அழுக்கான சொற்களில் ஒன்று என்று 1999இல் லிண்டா ஸ்மித் எழுதியபோது அவர் சொன்னதும் உங்கள் பாட்டி சொன்னதும் ஒன்றுதான், பாட்டி சுருக்கமாகச் சொன்னார். அதற்கும் 30 வருடம் முன்பே அமெரிக்காவில் பூர்வகுடி எழுத்தாளர் வைன் டெலோரியா மானுடவியலாளர்களைப் போட்டு வறுத்தெடுத்திருக்கிறார், அதையும் படியுங்கள், சிரித்துக்கொண்டே படிக்கலாம். பல்கலைக்கழகத்தில் தங்களைப் பற்றிப் பேசப்பட்டதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பேசியதில் பிறந்த படிப்பு இது, எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு.

ஆனால் அப்படியே தூக்கி ஏற்காடு பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஆட்ரா சிம்ப்ஸன் பேசும் 'மறுப்பு' என்ற கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மோஹாக் இனத்தவர். மோஹாக்குகள் உள்ளிட்ட ஹோடனோஷோனி பூர்வகுடிக் கூட்டமைப்பின் லக்ராஸ் (வலை கட்டிய கோலால் பந்தாடும் விளையாட்டு) அணி 2010இல் இங்கிலாந்தில் நடந்த உலகப் போட்டிக்குத் தங்கள் சொந்தப் பாஸ்போர்ட்டோடு கிளம்பியது. அதை ஏற்க மாட்டோம் என்றது இங்கிலாந்து. அமெரிக்க, கனடியப் பாஸ்போர்ட்டில் வருவதைவிட வராமலே இருக்கிறோம் என்று விட்டுவிட்டார்கள். அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர்களே அவர்கள்தான்! படிக்கும்போது எனக்கும் சிலிர்த்தது. சரி, இப்போது நம் மலைக்கு வாருங்கள். இங்கே உங்கள் காகிதம் எனக்கு வேண்டாம் என்று சொல்லும் ஓர் ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். எஸ்.டி. சான்றிதழ் என்ற அந்தக் காகிதத்துக்காகத்தான் அப்பாக்கள் வருடக்கணக்கில் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறார்கள்.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. அங்கே பல இடங்களில் அரசும் பூர்வகுடிகளும் உடன்படிக்கை போட்டார்கள், நியூசிலாந்தில் 1840இல் வைத்தாங்கியில் போட்டதுபோல. மீறப்பட்டது, ஏமாற்றப்பட்டது, ஆனாலும் இரண்டு தரப்பு என்பது தாளில் இருக்கிறது. இங்கே உடன்படிக்கை கிடையாது, அரசு போட்ட பழங்குடிப் பட்டியல்தான். உங்கள் பெயர் அதில் இருக்கிறதா இல்லையா என்பதோடு பேச்சு முடிந்தது. அரசியல் நிர்ணய சபையில் பழங்குடித் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா ஆதிவாசி என்ற சொல்லுக்காக வாதாடிப் பார்த்தார், நடக்கவில்லை. 2007இல் ஐ.நா. பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு இந்தியா ஆதரவாக ஓட்டுப் போட்டது, கூடவே இந்தியர் அத்தனை பேரும் பூர்வகுடிகள்தான் என்றும் சொல்லிக்கொண்டது. சாமர்த்தியத்தைப் பாருங்கள்.

பட்டியலின் அழகையும் பாருங்கள். மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்திலேயே தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சி என்று பழைய மாவட்டப் பெயர்கள் இருக்கும். கோயம்புத்தூர் இல்லை. அதனால் பிற்பாடு கோவையிலிருந்து பிரிந்த ஈரோட்டின் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகள் எஸ்.டி. இல்லை. யார் பழங்குடி என்பதற்கு 1965இல் லோகூர் குழு சொன்ன அடையாளங்களில் ஒன்று, வெளியாரோடு பழகக் கூச்சம். ஏற்காடு ஏரிக்கரையில் பலாச்சுளை விற்கும் அம்மாவிடம் பேரம் பேசிப் பாருங்கள், யாருக்குக் கூச்சம் வருகிறது என்று தெரியும்.

காஞ்சிபுரக் கதையைத்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆமாம், அந்தக் கதை அவர்களுடையதுதான். காஞ்சியிலிருந்து கிளம்பிய மூன்று அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையாக, சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்தார்கள் என்று சொல்வார்கள், ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். தர்ஸ்டனும் பதிவு செய்திருக்கிறார், சமவெளியிலிருந்து பிற்காலத்தில் மலையேறிய தமிழ் பேசும் மக்கள் என்றும் முடித்துவிட்டார். திண்ணையில் விருந்தாளியிடம் பெருமையாகச் சொன்ன கதை அச்சில் ஏறியதும் சாட்சியாகிவிட்டது.

எப்படி என்று நானே பார்த்தேன். பதினைந்து வருடம் இருக்கும். மலையிலிருந்து ஒரு நண்பர், மகனுக்கு எஸ்.டி. சான்றிதழ் வாங்கத் துணைக்குக் கூப்பிட்டார். பையன் ஆறாம் வகுப்பிலிருந்து கீழே ஹாஸ்டலில் படித்தவன், பொறியியல் கவுன்சிலிங் நெருங்கிவிட்டது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் யாரோ ஒரு வாத்தியார் பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று சேர்த்துவிட்டிருந்தார், அந்தப் பட்டம் அவர்களுக்கும் உண்டு என்பது விசாரிக்கும் அதிகாரிக்குத் தெரியவில்லை. "உங்க குலசாமி எது? கல்யாணத்துல என்ன சடங்கு? சாவுக்கு என்ன பண்ணுவீங்க?" பையன் விழித்தான். "ஹாஸ்டல்ல இருந்தேன் சார்." சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தான், அதுவும் தப்பாகப் போயிற்று. பார்த்தால் மலைக்காரன் மாதிரி தெரியலையே என்றார் அதிகாரி. நண்பருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாங்க காஞ்சிபுரத்துல இருந்து வந்த பரம்பரைங்க" என்று நிமிர்ந்து சொன்னார். அதுவரை மேசையில் கிடந்த பேனாவை அப்போதுதான் அந்த அதிகாரி கையில் எடுத்தார். அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக்கொண்டார்.

சான்றிதழ் வந்தது, இரண்டு வருடம் கழித்து. பையன் அதற்குள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

இது ஒருவருடைய குணக்கேடு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். போலிச் சான்றிதழைத் தடுக்க வேண்டும் என்று 1994இல் உச்ச நீதிமன்றம் ஒரு முறை வகுத்தது, தெய்வம், சடங்கு, திருமணம், ஈமக்கிரியை என்று விசாரித்துப் பொருந்துகிறதா பார் என்றது. போலிகள் உண்மையிலேயே இருந்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் எதோடு பொருந்த வேண்டும்? பழைய இனவரைவியல் நூல்களில் எழுதி வைத்ததோடுதானே. அந்தச் சோதனையே முடிவான உரைகல் அல்ல என்று அதே நீதிமன்றம் 2023இல் சொன்னது. நடுவில் 29 வருடம்.

உங்கள் துறையில் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் அங்கே வந்து சேர்ந்து சுமார் 700, 750 வருடம்தான் ஆகிறது. ஹவாய்க்கி என்ற தாயகத்திலிருந்து எந்தத் தோணியில் எந்த முன்னோர் வந்தார் என்று அவர்களே வம்சாவளி சொல்வார்கள். தோணியில் வந்தவர்கள்தானே, நீங்கள் எப்படிப் பூர்வகுடி என்று கேட்டால் அங்கே சிரிப்பார்கள். பின்னால் வந்த ஓர் அரசின் கீழே தங்கள் நிலத்தோடு மாட்டிக்கொண்டவர்கள் என்பதுதான் அங்கே பொருள். நம் காஞ்சிக் கதைக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? தவிர, உங்கள் தலைப்பான 2006 சட்டத்துக்கு காஞ்சிபுரமே தேவையில்லை. எஸ்.டி.யாக இருந்து அந்தக் காட்டையே நம்பி, 13 டிசம்பர் 2005க்கு முன்பிருந்து நிலம் உழுது வந்தவரா என்பதுதான் கேள்வி. மூன்று தலைமுறையாக, அதாவது 75 வருடமாக அங்கே இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கு பழங்குடி அல்லாதவர்களுக்கு. இதைக்கூடத் தப்பாகச் சொல்லித் திருப்பி அனுப்பும் ஆட்கள் உண்டு, உங்கள் படிவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்துக் கொண்டுபோனாலே உபயோகம்.

இங்கேதான் சிம்ப்ஸன் திரும்ப வருகிறார். பாஸ்போர்ட்டுக்காக இல்லை, இன்னொன்றுக்காக. தன் மக்கள் தன்னிடம் சொன்ன எல்லாவற்றையும் அவர் எழுதவில்லை, இதற்கு மேல் வேண்டாம் என்று அவர்கள் நின்ற இடத்தில் அவரும் நின்றார். நமக்கு இறக்குமதி செய்யத் தக்கது இதுதான். யார் எந்த இடத்தில் காட்டுக்குள் எவ்வளவு உழுகிறார் என்று நீங்கள் ஊர்ப் பெயரோடு எழுதினால் முதலில் படிப்பவர் பாரஸ்ட்காரராக இருக்கலாம். எழுதுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தியும் மலையாளி ஊர்தான். 1992 ஜூன் 20இல் வனத்துறையினரும் போலீசும் வருவாய்த்துறையினரும் அங்கே புகுந்து மக்களை அடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததை அரசுக் காகிதம் சந்தனக்கட்டைச் சோதனை என்றது, பெண்கள் நடந்ததை நடந்தபடி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், 2011இல் 215 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, 2023இல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. அங்கே பேச்சைப் பதிவு செய்ததுதான் காப்பாற்றியது. எப்போது பேசுவது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதை வாச்சாத்திப் பெண்கள் தீர்மானித்தார்கள், வேறு யாரும் தீர்மானிக்கவில்லை. உங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இருந்திருக்காது.

ஆகவே உடனே செய்ய வேண்டியது ஒன்று. போன வருடம் வந்த பெண் யாரென்று கண்டுபிடியுங்கள். சேலத்தில் எத்தனை துறை இருக்கப்போகிறது, ஏதாவது ஒரு பீரோவில் அந்த ஆய்வேடு கருப்பு அட்டையோடு தூங்கிக்கொண்டிருக்கும். அந்த ஊர் வரும் பக்கங்களை ஜெராக்ஸ் எடுங்கள், ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். கொண்டுபோய்ப் பாட்டிக்குப் படித்துக் காட்டுங்கள், தப்பு என்று அவர் சொல்லும் இடங்களை அடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் போவதாக இருந்தால் காலையில் போகாதீர்கள், காப்பிப் பறிப்புக்குப் போயிருப்பார்கள். நாலரை மணிக்கு மேல் வீட்டில் இருப்பார். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.