சண்டையைக் குறைத்து வசனத்தைக் கூட்டலாமா?

வணக்கம். உங்கள் சூப்பர் ஹீரோ திரைக்கதையிலுள்ள மூன்று சண்டைகளில் ஒன்றை எடுத்துவிட்டு, நாயகன் தங்கையிடம் மனம்விட்டுப் பேசும் காட்சியைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம், ஆனால் அந்த இடத்தில் வசனத்தை வைப்பதால் மட்டும் பாத்திரம் வளர்ந்துவிடாது.

சாம் ரைமி இயக்கி 2004-இல் வெளிவந்த ‘ஸ்பைடர்மேன் 2’ படத்தின் ரயில் சண்டையை மறுபடி பாருங்கள். முகமூடியில்லாத நாயகன் பீட்டர், இருபுறக் கட்டடங்களின் மீதும் வலையை வீசி, உடை கிழியக் கிழிய ரயிலைத் தாங்கி நிறுத்திவிட்டு மயங்கிச் சரிகிறான். பயணிகள் அவனைத் தலைக்கு மேலே ஏந்தி உள்ளே கொண்டுசென்று கிடத்தி, இவ்வளவு சின்னப் பையனா என்று திகைக்கிறார்கள். யாரென்று தெரியாமல் வாழ்வதையே காப்பாகக் கொண்டவன், அந்நியர்கள் நடுவே முகம் தெரியக் கிடக்கிறான். சண்டைக்குள்ளேயே அவன் நிலை மாறிவிடுகிறது.

உங்கள் சுருக்கத்தின்படி, முதல் இரண்டு சண்டைகளும் வில்லன் தப்பி ஓடுவதிலேயே முடிகின்றன. நாயகனிடம் எதுவும் மாறவில்லை. எனவே இரண்டாவதைத் தயங்காமல் நீக்குங்கள். அவன் தங்கையிடம் மறைத்துவந்த ரகசியம், மூன்றாவது சண்டையின் நடுவில், அவள் கண்ணெதிரிலேயே உடையட்டும்.